நின்று நின்று போகும் தூசு உறிஞ்சியும் ஊடை அறுந்த தறியும்

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "கண்ணு, நீ வாங்கிக் குடுத்த அந்த மிஷினு ஓட மாட்டேங்குது. பத்து செகண்டு ஓடுது, நின்னுருது. மறுக்கா அமுக்குனா மறுக்கா ஓடுது, நின்னுருது."

அந்த 'மிஷினு' என்பது வயர் இல்லாத வேக்குவம் கிளீனர். பேட்டரியில் ஓடுவது. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறிப்பட்டறைக்காக வாங்கிக் கொடுத்தது. பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிற மகன், ஊரில் தறி ஓட்டுகிற அப்பாவுக்கு இப்படி ஏதாவது வாங்கிக் கொடுத்துத் தன் குற்ற உணர்ச்சியைக் குறைத்துக்கொள்வது வழக்கம்தானே.

ஏன் வயர் இல்லாதது? அதற்கு ஒரு காரணம் உண்டு. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்ட முடியாது. பறக்கிற பஞ்சு பாவில்தான் போய் விழும். தறி முழுசாக நிற்கிற நாள் என்றால் மாதத்தில் ஒரு நாள், மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாள். அன்றைக்குத்தான் அப்பா பட்டறையைச் சுத்தம் செய்வார். ஆனால் அன்றைக்குத்தான் கரண்ட்டும் இருக்காது! ஆகவே பேட்டரி.

அதுவரை அவர் கையில் இருந்தது சீமாறு. நாலு தறிக்கு அடியிலும் ஒரு மாதப் பஞ்சு, எலிக்குட்டி மாதிரி சுருண்டு கிடக்கும். அதைக் கூட்டி முடித்த அன்று ராத்திரி முழுக்க இருமல். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "தூசுல நிக்காதீங்க" என்று. தறிக்காரனிடம் தூசில் நிற்காதே என்பது மீன்காரனிடம் தண்ணிப் பக்கம் போகாதே என்பது மாதிரி. 45 வருஷமாக அந்தப் பஞ்சுக்குள்தான் நிற்கிறார். மிஷின் நின்றுபோனதும் என்ன செய்திருப்பார்? மறுபடி சீமாற்றை எடுத்திருக்கிறார். அம்மாதான் சொன்னார்கள், "மூணு நாளா ராத்திரி தூக்கமே இல்ல."

சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் பேட்டரி மேல். இரண்டு வருஷம் ஆன மிஷின், எனவே பேட்டரி போயிருக்கும். என்னைப் போன்ற ஆட்களுக்கு இது ஒரு வியாதி. புரோகிராம் நின்றுவிட்டால் முதலில் சர்வரைத் திட்டுவோம். செல்போனை எடுத்துப் புது பேட்டரி விலை தேட ஆரம்பித்தேன், பல ஆயிரம். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "தறி நின்னுபோச்சுன்னா மொதல்ல மோட்டாரையா கழட்டுவாங்க? ஊடை இருக்குதான்னு பாப்பியா மாட்டியா?"

இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த ஒரு கேள்விதான். விசைத்தறி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே நாடாவுக்குள் இருக்கும் தாரிலிருந்து வருவது ஊடை. தாரில் நூல் தீர்ந்தாலோ, ஊடை அறுந்தாலோ, நாடா வெறுமனே இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கும். தறி நிற்காவிட்டால் துணியில் பட்டை விழும். அதனால் தறியின் ஓரத்தில் முள்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி இருக்கும். நாடா ஓடி முடித்ததும் ஊடை நூல் அந்த முள் மேல் அழுந்தும். நூல் அழுத்தியதும் முள் சாய்ந்து, அதன் மறுமுனைக் கொக்கி மேலே தூக்கிக்கொள்ளும். நூல் இல்லையென்றால் முள் சாயாது, கொக்கி கீழேயே இருக்கும். பின்னாலிருந்து ஆடிக்கொண்டு வரும் ஒரு நெம்பு அந்தக் கொக்கியைப் பிடித்து இழுக்கும், அது போய்க் கைப்பிடியைத் தட்டிவிடும், பெல்ட் வெறும் சக்கரத்துக்கு மாறும், தறி நிற்கும்.

கவனியுங்கள். அந்த முள், கோளாறு வந்திருக்கிறதா என்று தேடுவதில்லை. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற தகவல் வந்துகொண்டே இருக்கிறதா என்று பார்க்கிறது. வரவில்லையென்றால் நிறுத்திவிடுகிறது. கணினிக்காரர்கள் வாட்ச்டாக் டைமர் என்று ஒன்று வைத்திருக்கிறோம், குறித்த நேரத்துக்குள் "உயிரோடு இருக்கிறேன்" என்று புரோகிராம் சொல்லாவிட்டால் கணினியை மீண்டும் துவக்கிவிடும். கல்லூரியில் அதைப் படித்தபோது ஏதோ இருபதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அதே யோசனை நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

விசைத்தறி என்று ஒன்றை எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் இங்கிலாந்தில் 1785-ல் பதிவு செய்தார். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு அது பாதி மிருகமாகத்தான் இருந்தது. ஓடுகிற தறியை ஒரு ஆள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1840-களின் தொடக்கத்தில் பிளாக்பர்ன் நகரத்தில் வில்லியம் கென்வொர்த்தியும் ஜேம்ஸ் புல்லோவும் சேர்ந்து செய்த திருத்தங்களுக்குப் பிறகுதான் லங்காஷயர் தறி என்று பெயர் பெற்ற வடிவம் வந்தது. அவற்றில் முக்கியமானது ஊடை இல்லாவிட்டால் தானாக நிற்பது. இந்த புல்லோவின் குடும்பம் பிறகு ஆக்ரிங்டனில் ஜவுளி இயந்திரம் செய்து குவித்த பணம் கொஞ்சநஞ்சம் அல்ல. அவருடைய பேரன் ஸ்காட்லாந்தில் ரம் என்ற தீவையே கையில் வைத்துக்கொண்டு அங்கே ஒரு கோட்டை வீடு கட்டினார். நம் ஊரில் இன்றைக்கும் ஓடும் சாதாரண விசைத்தறிகளைப் பார்த்தால், அந்த லங்காஷயர் தறியின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா இதையே இன்னும் தூரம் கொண்டுபோனார். 1924-ல் வந்த அவருடைய 'ஜி' வகைத் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும், நூல் அறுந்தால் நின்றுகொள்ளும். 1929-ல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. தறியை உலகத்துக்கு விற்ற நாட்டுக்காரர்களே ஜப்பான்காரரிடம் தறி நிற்கும் கலையை விலைக்கு வாங்கினார்கள். சகிச்சியின் மகன் கிச்சிரோ பிறகு மோட்டார் வாகனத்தில் இறங்கியதும், அது இன்றைய டொயோட்டா ஆனதும் பலருக்குத் தெரிந்த கதை. கோளாறு தெரிந்தால் தொழிலாளியே மொத்த வரிசையையும் நிறுத்தலாம் என்ற அவர்களுடைய தொழிற்சாலைப் பழக்கத்துக்கும் மூலம் தறிதான்.

அப்பா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்தால் "எது இதை நிறுத்துச்சு?" என்று கேட்கத் தெரிந்தவர். நான் "எது கெட்டுப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊடைக்குச் சமமானது இந்த மிஷினில் எது? காற்று. மோட்டார் காற்றை இழுக்கிறது, காற்று தூசியைக் கொண்டுவருகிறது, வடிகட்டி தூசியை நிறுத்திக்கொள்கிறது. அதே காற்றுதான் மோட்டாரைக் குளிர்வித்துவிட்டு வெளியே போகிறது. வழி அடைத்தால் குளிர்ச்சி போய்விடும். சூடு ஏறும், உள்ளே இருக்கும் உணரி பார்த்துக்கொண்டே இருந்து நிறுத்திவிடும்.

ஓட்டிக் காட்டினேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது, ஆனாலும் இயந்திரத்துக்கு மட்டும் தனிக் காது வைத்திருப்பார் போல. "வாங்குனப்ப இவ்ளோ கீச்சுனு கத்தலியே" என்றார். உண்மைதான், சத்தம் மேலே ஏறியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடைத்துக்கொண்ட வேக்குவம் கிளீனர் கீச்சென்று கத்தினால் மோட்டார் கஷ்டப்படுகிறது என்று நினைப்போம். நேர் எதிர். தள்ளுவதற்குக் காற்றே இல்லாததால் சுமை குறைந்து விசிறி இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. கையால் குழாய் வாயைப் பொத்திப் பாருங்கள், சத்தம் ஏறும்.

நீளக் குழாயையும் பிரஷ் தலையையும் கழற்றிவிட்டு வெறும் உடலை மட்டும் ஓட்டினேன். 10 செகண்டு 40 செகண்டு ஆனது. அப்படியானால் அடைப்பில் ஒரு பங்கு கீழே இருக்கிறது. பிரஷ் தலைக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் வளைவில் டார்ச் அடித்துப் பார்த்தால், கட்டை விரல் நீளத்துக்குப் பஞ்சு, கார்க் மாதிரி இறுகிக் கிடந்தது. கம்பியை வளைத்து இழுத்தேன். பிரஷ் உருளையின் இரண்டு முனையிலும் நூல் சுற்றிச் சுற்றி மோதிரம் போட்டிருந்தது, பிளேடால் அறுத்தெடுத்தேன். பிறகு வடிகட்டி.

வடிகட்டியில்தான் ஊரின் சரித்திரமே இருந்தது. வீட்டுத் தூசு மண் மாதிரி, தட்டினால் உதிரும். தறித் தூசு அப்படி இல்லை. பஞ்சு இழைகள் ஒன்றோடொன்று பின்னி மேலே ஒரு கம்பளியே நெய்துவிடுகின்றன. சுழற்றி எறிகிற முறையில் தூசு பிரிக்கிற இந்தக் காலத்து மிஷின்களுக்கு இது ஆகாது. சுழலில் எறியப்படுவதற்குக் கனம் வேண்டும், பஞ்சு இழைக்கு ஏது கனம்? அது நேராகப் போய் வலையில் ஒட்டிக்கொள்ளும். ஜேம்ஸ் டைசன் 1970-களின் கடைசியில், பை அடைத்துப்போகிற வேக்குவம் கிளீனரைப் பார்த்து எரிச்சலாகித்தான் இந்தச் சுழல் முறைக்கு வந்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தாராம். அதில் எதையும் தறிப்பட்டறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கம்பளிக்கு அடியில் இன்னொரு பொருள், வெள்ளையாக, மாவு மாதிரி. கஞ்சி. பாவு நூல் அறுந்து போகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். சைசிங் போட்டுத்தான் பாவு பட்டறைக்கு வரும். தறியில் அச்சிலும் விழுதிலும் உரசும்போது அந்தக் காய்ந்த கஞ்சி பொடிப்பொடியாக உதிரும். கஞ்சிக்கான மாவு எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கிலிருந்தும் வருகிறது. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் கடல் வழியாக வந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோன சமயத்தில்தான் சேலத்துப் பக்கம் இந்தத் தொழில் வேர்பிடித்தது. ஆலைக்காரர்களுக்கான கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-ல் வந்தது. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் போனால் கிழங்கு லாரிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வடிகட்டியை நன்றாகச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சுடுதண்ணீரில் முக்கினேன்.

கஞ்சியைச் சுடுதண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? கஞ்சி ஆகும். வடிகட்டியின் மடிப்புகள் எல்லாம் கூழ் பூசிக்கொண்டு ஒட்டிக்கொண்டன. காய்ந்த பிறகு மொறமொறவென்று கஞ்சி போட்ட வேட்டி மாதிரி நின்றது. ஊதிப் பார்த்தேன், மூச்சு போகவே இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "BE படிச்சவன் செய்யுற வேலையா இது" என்றார்கள். நியாயமான விமர்சனம். புது வடிகட்டி வாங்க வேண்டியதாயிற்று. (நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் காய்ந்த நிலையிலேயே தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் மாவை உதிர்த்துவிட்டு, பிறகுதான் பச்சைத் தண்ணீர். நிழலில் முழுசாக ஒரு நாள் காய வேண்டும். ஈர வடிகட்டியைப் போட்டாலும் மிஷின் இதேபோல நிற்கும்.)

புது வடிகட்டி வருவதற்கு நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளில் இந்த மிஷினின் முன்னோர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மூச்சுதான் அந்தக் கதை முழுக்க வருகிறது.

1901-ல் லண்டனில் ஒரு அமெரிக்க இயந்திரத்தைக் காட்டினார்கள். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும். பார்க்க வந்திருந்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், "ஏன் ஊதுகிறீர்கள், உறிஞ்சினால் என்ன?" என்று கேட்டார். அதெல்லாம் நடக்காத காரியம் என்று பதில் வந்தது. பூத் சும்மா இருக்கவில்லை. ஒரு உணவகத்தில் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சினார். மூச்சு முட்டி இருமினாலும், கைக்குட்டையின் அடிப்பக்கம் கருப்பாகத் தூசு படிந்திருந்தது. அவ்வளவுதான், வடிகட்டி என்ற யோசனையும் உறிஞ்சுவது என்ற யோசனையும் ஒரே நொடியில். பிறகு அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டி அளவுக்கு இருந்தது. வண்டி தெருவில் நிற்கும், நீளமான குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902-ல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வலி இருந்தது. அதே காலத்தில் லங்காஷயர் தறிக்கூடங்களில் பெண்கள் நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாடாவுக்கு முத்தம் கொடுப்பது என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தார் மாற்றும்போதும் ஒரு உறிஞ்சல். பஞ்சும் எண்ணெயும் வாய்க்குள் போகும், ஒரே நாடாவைப் பலர் உறிஞ்சும்போது நோயும் போகும். பூத் ஒரே ஒரு தடவை உறிஞ்சினார், பெயர் பெற்றார். அந்தப் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உறிஞ்சினார்களோ.

இரண்டாவது ஆள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கேன்டன் நகரம். ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்லர். ஒரு பெரிய கடையில் இரவுத் துப்புரவு வேலை, வயது அறுபதை நெருங்கிவிட்டது, கூடவே ஆஸ்துமா. கம்பளத்தைக் கூட்டினால் கிளம்புகிற தூசியில் மூச்சுத் திணறும். அவர் 1907-ல் ஒரு விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றைச் சேர்த்துக் கட்டி, கையால் தள்ளுகிற மின்சார உறிஞ்சியைச் செய்தார். 1908 ஜூன் 2-ல் காப்புரிமை கிடைத்தது. உரிமையை வாங்கியவர் குதிரைச் சேணம், தோல் பொருள் வியாபாரம் செய்துகொண்டிருந்த வில்லியம் ஹூவர். கார் வந்து குதிரையின் பிழைப்பு போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஹூவர் என்ற பெயர் பிறகு இங்கிலாந்தில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆஸ்துமாக்காரர் ஸ்பேங்லரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை அப்பாவிடம் சொன்னேன். "அவரு பொழச்சாரா?" என்று மட்டும் கேட்டார். 1915-ல் இறந்துபோனார் என்றேன். "ம்" என்றார்.

நம் நாட்டில் இந்தப் பொருள் வீடுகளுக்கு வந்ததற்குப் பெரிய காரணம் 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ். டை கட்டிய இளைஞர்கள் வீடு வீடாக வந்து மெத்தையிலிருந்து தூசு எடுத்துக் காட்டுவார்கள். வெண்ணந்தூர் வரை அந்த டைகள் வந்து நான் பார்த்ததில்லை.

புது வடிகட்டி வந்தது. மாட்டினேன். சாதாரண வேகத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு. நானும் ஜெயித்த நினைப்பில் அதிக வேகத்துக்கு மாற்றினேன். எட்டே செகண்டு. நின்றது.

ஆக, கோளாறு ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. மென்பொருளில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு பிழையைச் சரிசெய்ததும் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றவன் வெளியே வருவான். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன்: எந்த வேகம், எத்தனை செகண்டு, தொட்டால் சூடா, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடியது. அடைப்பால் நின்றபோது உடம்பு சூடாக இருந்தது. இப்போது உடம்பு குளிர்ந்தே இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. ஒரு நிமிஷம் விட்டால் மறுபடி எட்டு செகண்டு. குறைந்த வேகத்தில் பிரச்சினையே இல்லை. இது பேட்டரியின் கையெழுத்து.

கணக்கு இதுதான். உள்ளே ஆறு லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் சராசரி 3.6 வோல்ட், மொத்தம் 21.6. அதிக வேகத்தில் 450 வாட் என்றால் சுமார் 21 ஆம்பியர் இழுக்கும். புது செல்லின் உள்தடை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 21 ஆம்பியரில் 0.4 வோல்ட் இறங்கும், பரவாயில்லை. செல் கிழடாகி உள்தடை 70 மில்லி ஓம் ஆகிவிட்டால்? கிட்டத்தட்ட 1.5 வோல்ட். 3.7-ல் இருக்கிற செல் 2.2-க்கு விழும். லித்தியம் செல்லை 2.5 வோல்ட் அளவுக்குக் கீழே இழுக்கவிடக் கூடாது என்பதால், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் உடனே கதவைச் சாத்திவிடும். இழுப்பது நின்றதும் வோல்ட் பழைய இடத்துக்கு ஏறிவிடும், ஆகவே மறுபடி ஓடும், மறுபடி விழும். குறைந்த வேகத்தில் 80 வாட்தான், நாலு ஆம்பியர்கூட இல்லை, கிழட்டுச் செல்லும் தாங்கும். ஆறில் ஒன்று மட்டும் கெட்டாலும் போதும். மல்டிமீட்டரை வெளியே வைத்து அளந்தால் மொத்த வோல்ட் நன்றாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். பேட்டரியைப் பிளந்து ஒவ்வொரு செல்லாக அளக்கும் ஆசையும் வேண்டாம்.

அந்தக் காவல் சர்க்யூட் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? அதற்கும் சரித்திரம் உண்டு. 1979-ல் பிளாக் அண்ட் டெக்கர் விற்ற டஸ்ட்பஸ்டர்தான் கையடக்க வயரில்லா உறிஞ்சியை வீட்டுப் பொருளாக்கியது. நிலாவில் பாறை துளைக்க அப்போலோ விண்வெளி வீரர்களுக்குத் துளைக்கருவி செய்த அதே கம்பெனி. அதில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அது சாகும்போது மெதுமெதுவாகச் சாகும், மோட்டார் முனகும், நமக்குத் தெரியும். லித்தியம் அப்படி இல்லை, அது கோபக்காரன். 1989-ல் கனடாவின் மோலி எனர்ஜி செய்த லித்தியம் உலோக பேட்டரிகள் ஜப்பானில் கைப்பேசிகளில் தீப்பிடித்து, திரும்பப் பெறப்பட்டு, கம்பெனியே முடங்கியது. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி அதைவிடப் பாதுகாப்பானது, அதற்கு அடித்தளம் போட்ட விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது. ஆனாலும் 2006-ல் சோனி செல்கள் இருந்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளை டெல் திரும்ப அழைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஆபீஸில் எல்லோரும் லேப்டாப்பைக் கவிழ்த்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அந்த பயத்தின் பிள்ளைதான் எட்டு செகண்டில் கதவைச் சாத்துகிற சர்க்யூட்.

இரண்டே வருஷத்தில் செல் ஏன் கிழடானது? குற்றவாளி நான்தான். சார்ஜ் போடும் தாங்கியை, வசதியாக இருக்கட்டும் என்று பட்டறைச் சுவரில் நானே திருகிவிட்டு வந்திருந்தேன். மேலே அஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வைகாசியில் அந்தச் சுவரைக் கை வைத்துத் தொட முடியாது. மாதம் ஒரு நாள் ஓடுகிற மிஷின், மிச்ச 29 நாளும் முழு சார்ஜில், கொதிக்கிற சுவரில். லித்தியத்துக்கு முழு வயிறும் வெயிலும் சேர்ந்தால் ஆகாது. "சிவப்பு லைட்டு மின்னி மின்னி சார்ஜே ஏற மாட்டேங்குது சில நாளு" என்று அப்பா முன்பே ஒரு தடவை போனில் சொல்லியிருந்தார். 45 டிகிரிக்கு மேல் செல் சூடானால் சார்ஜ் ஏற்றாமல் நிறுத்திக்கொள்ளும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். ஏதோ மீட்டிங்கில் இருந்தேன்.

புது பேட்டரி வாங்கினேன். தாங்கியைக் கழற்றி நடையில், நிழலில் மாட்டினேன். கரண்ட் நிற்கும் நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் சார்ஜ் போட வேண்டும் என்று காலண்டரில் எழுதி வைத்தேன்.

மிஷின் கதை இத்தோடு முடிந்தது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தறியில் ஊடை அறுந்தால் நிற்கிறது. துணி காப்பாற்றப்படுகிறது. உறிஞ்சியில் காற்று அடைத்தால் நிற்கிறது. மோட்டார் காப்பாற்றப்படுகிறது. செல் தளர்ந்தால் நிற்கிறது. பேட்டரி காப்பாற்றப்படுகிறது. தறி ஓட்டுகிறவரின் நெஞ்சு அடைத்தால் நிறுத்துகிற முள் எந்தத் தறியிலும் இல்லை. கென்வொர்த்தியும் புல்லோவும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. தானாக நிற்கிற தறி வந்ததும் முதலாளிகள் செய்தது, ஒரு ஆளுக்கு இரண்டு தறி என்பதை நாலாக்கியதுதான்.

தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. இத்தாலியில் பெர்னார்டினோ ரமாஸினி 1700-லேயே தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், சணலும் ஆளியும் சீவுகிறவர்களின் இருமலை எழுதிவிட்டார். 1877-ல் பாரிஸில் அட்ரியன் ப்ரூஸ்ட் என்ற மருத்துவர் இதை பிஸ்ஸினோஸிஸ் என்று எழுதினார். மெல்லிய துணிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். (இவருடைய மகன்தான் நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட். வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா.) 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்து, இதன் அடையாளத்தைத் துல்லியமாக வரையறுத்தார்: வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், பிறகு வாரம் போகப் போகக் குறையும். நூற்பாலையில் சீவும் பகுதியில்தான் இது மிக மோசம், நெசவில் குறைவு. அமெரிக்கா 1978-ல் காற்றில் பஞ்சுத் தூசிக்கு வரம்பு வைத்தபோது, நூல் தயாரிப்புக்கு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம், நெசவுக்கு 750 என்று வைத்தது. நம் நாட்டில் 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலிலும் பிஸ்ஸினோஸிஸ் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் கரண்ட் உபயோகிக்கும் இடம் தொழிற்சாலை ஆக வேண்டுமென்றால் 10 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் நாலு தறி, அப்பா, அம்மா, தார் சுற்ற ஒரு அக்கா. நாங்கள் எந்தப் பட்டியலிலும் வர மாட்டோம்.

அப்பாவிடம் கேட்டேன், எந்த நாளில் இருமல் அதிகம் என்று. யோசித்துவிட்டுச் சொன்னார், "தறி நிப்பாட்டி நாலு நாள் கோயிலு கொளம்னு போயிட்டு வந்து ஓட்டுனா அன்னைக்குத்தான் ஜாஸ்தி." நான் எதுவும் சொல்லவில்லை. அதை வைத்து நான் நோய்ப் பெயர் சொல்லக் கூடாது, பஞ்சு இல்லாமலும் இருமலுக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறதாம், அதையும் அம்மாதான் காட்டிக் கொடுத்தார்கள். சீட்டு, தறி நோட்டுக்குள் மடித்து இருந்தது.

போன வாரம் ஊரில் மறுபடி கரண்ட் நிறுத்தம். மதியம் அப்பா போன் செய்தார். நாலு தறிக்கு அடியிலும் எடுத்தாயிற்றாம், இரண்டு தடவை டப்பாவைக் கொட்டினாராம், ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். "துண்டு கட்டிக்கிட்டுத்தான் கொட்டுனேன்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். இந்த வீட்டு மிஷின் பட்டறைக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும். பை வைத்த பெரிய டிரம் உறிஞ்சியும், அதை ஓட்ட ஒரு இன்வெர்ட்டரும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். இருமல் இருந்தது, ஆனால் தூங்கினார் என்றார்கள். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். திங்கட்கிழமை காலை அவரை ராசிபுரத்துக்குக் கூட்டிப்போய் ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்க வேண்டும். சீட்டை அந்த நோட்டிலிருந்து எடுத்து அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.